ஆட்சிக்குழு உறுப்பினர்களின் தொழில் விவரம்

இதனால் ஹார்லன் ஃபால்ஸ் நகரத்தாருக்கும், அக்கம்பக்கத்து மூன்று மாவட்டத்தாருக்கும், இனி வரலாறு எழுதப்போகிறவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: சம்மிட் ஹொரைசன் லீடர்ஷிப் அகாடமியின் ஆட்சிக்குழு, அக்டோபர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்குக் கூடி, தலைவர் ராய்ஸ் ஹாதர்லி அவர்களின் தொழில் விவரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை அவர் வாயாலேயே கேட்டு, ஏகமனதாகப் பாராட்டி, கை தட்டி, அதைத் தீர்மானமாகவும் நிறைவேற்றியது. மறுநாள் காலை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும், நிற்கிற ஆளைக் கண்ணால் பார்த்தே அவருக்கு எத்தனை அங்குலத்தில் சவப்பெட்டி வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு அங்குலம்கூடப் பிசகவில்லை.

முதலில் அளக்கப்பட்டவர் அவர்களுடைய ஆசிரியை மிஸ் ஆல்டன். அவர் வகுப்பிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்து, எழுத்தர் கிளென்னா வ்ராபெலின் மேஜை முன்னால் நின்றார். "கிளென்னா, எனக்கு எழுபத்தெட்டு அங்குலமாம். தோள்பட்டை கொஞ்சம் அகலமாம், அதனால உள்பக்க மெத்தை மெல்லிசா போடணுமாம்." கிளென்னா தட்டச்சு செய்வதை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வளத்தியா இருக்கீங்க, டீச்சர். அவ்வளவு ஆகும்தான்" என்றாள். காலை நேரத்தில் அலுவலகத்துக்கு வரும் எந்தச் செய்திக்கும் அவள் இப்படித்தான் பதில் சொல்வாள். ஒன்பது வருடத்தில் அங்கே வராத செய்தி கிடையாது.

பள்ளி நடந்தது, முன்பு கனத்த பந்தை உருட்டி மரக்குப்பிகளை வீழ்த்துகிற பௌலிங் அரங்கமாக இருந்த கட்டடத்தில். பன்னிரண்டு தடங்களையும் சுவர் வைத்துத் தடுத்து வகுப்பறைகள் ஆக்கியிருந்தார்கள். மூன்றாம் வகுப்பின் தரையில் பந்துக்கு வழிகாட்டும் அம்புக்குறிகள் இன்னும் இருந்தன. கீழே விழுகிற பென்சில் நேராக உருண்டு, மரக்குப்பிகள் நின்ற இடத்தில் போய்த்தான் நிற்கும். மழைக்காலத்தில், பந்து உருட்ட வந்தவர்கள் மாட்டிக்கொண்ட வாடகைக் காலணிகளின் வாடை சுவரிலிருந்து வரும். ஒஹாயோவில் இதைச் சார்ட்டர் பள்ளி என்பார்கள். பணம் அரசாங்கத்துடையது, பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, நடத்துவது மட்டும் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேர். சம்பளம் இல்லாமல் நடத்துகிறார்கள் என்பதை அந்த ஐந்து பேரும் சந்திக்கிறவர்களிடமெல்லாம் தவறாமல் சொல்வார்கள். அவர்கள் மாதம் ஒருமுறை, பழைய மதுக்கூடமாக இருந்த அறையில் கூடி, ஒரு டஜன் டோனட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து, எந்தத் தடத்தில் யாருடைய முறை என்று அறிவிக்க ஒரு காலத்தில் பயன்பட்ட அதே மைக்கில் பேசுவார்கள். அந்த மைக்கின் ஒலிபெருக்கி எல்லா வகுப்பறைகளிலும் இருந்தது. அதை அணைக்கும் பொத்தான் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதில் வாசிக்கப்படுகிற தொழில்தான் பிள்ளைகளிடம் ஒட்டுகிறது என்று தெரிந்த பின் கம்பியை அறுத்தும் பார்த்தார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை.

அந்த வருடம் பள்ளியின் அனுமதி முடிகிற வருடம். தலைநகரில் இருக்கிற அனுமதி அமைப்பிலிருந்து படிவம் வந்திருந்தது. ஆட்சிக்குழு உறுப்பினர்களின் தொழில் விவரங்களை இணைக்கவும், அவை பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டிருக்க வேண்டும், மார்ச் முப்பத்தொன்றுக்குள் அனுப்பவும் என்று அதில் இருந்தது. எட்டு வருடமாக ஆளுக்கு இரண்டு வரியில் இருந்த விவரங்கள் அந்தக் கோடையில் வீங்கத் தொடங்கின. ராய்ஸ் ஹாதர்லி மூன்று தலைமுறையாக, சவப்பெட்டி முதல் அடக்கம் வரை பார்க்கிற ஈமச்சடங்கு நிலையம் நடத்துகிற குடும்பம். அவருடைய விவரத்தில் அது 'வாழ்வின் மிக நுண்ணிய தருணங்களின் தலைமை நிர்வாகி' என்று ஆகி, நான்கு பக்கம் ஓடியது. அக்டோபர் கூட்டம் முழுவதையும் அதுவே தின்றுவிட்டதால், மற்றவர்களுக்கு அடுத்தடுத்த மாதங்களில் முறை போட்டார்கள். இதையெல்லாம் தட்டச்சு செய்தவள் கிளென்னா.

நவம்பரில் வழக்கறிஞர் பிரெஸ்டன் கூல் வாசித்தார். மறுநாள் மழலையர் வகுப்பில் ஒரு பிள்ளையும் கையெழுத்து வாங்காமல் இன்னொரு பிள்ளைக்குச் சிவப்பு கிரேயான் தரவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கட்டை விரலைச் சாக்லேட்டில் தோய்த்து வைத்தார்கள். டிசம்பரில் காப்பீட்டு முகவர் டார்லா மின்னிக்கும், வீடு விற்கிற ஸ்கிப் லானர்கனும் நேரம் பங்கிட்டு வாசித்தார்கள். அதன் பிறகு சறுக்குமரத்தில் யாரும் ஏறவில்லை. அதன் மூன்றாவது படி ஏற்கனவே தளர்ந்திருந்தது, அப்படியிருந்தும் ஏறினால் இழப்பீடு கிடைக்காது என்று இரண்டாம் வகுப்பு அறிவித்தது. நான்காம் வகுப்பினர் 'என் வீடு' என்ற தலைப்பில் வாய்மொழியாகப் பேசியபோது, சமையலறையில் படுத்துத் தூங்குகிற பிள்ளை தன் வீட்டை 'கதகதப்பான, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள, விசாரிப்பவர்கள் அதிகமுள்ள இல்லம்' என்றான். அவனுடைய அம்மா அதைக் கேட்டுக் கண் கலங்கி, அந்த வாரமே வாடகையைப் பற்றி வீட்டுக்காரனிடம் சண்டை போடுவதை நிறுத்தினாள்.

ஊர் இதை ஏற்றுக்கொண்ட வேகம் முட்டை விலை ஏறினால் ஏற்றுக்கொள்கிற வேகம்தான். நாலு நாள் பேசினார்கள். பிறகு பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஆலங்கட்டி மழைக்குப் பிறகு கூரைச் சேதத்தைப் பார்க்க எந்தக் காப்பீட்டு நிறுவனமும் ஆள் அனுப்பாத வீடுகளுக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் தேவாலயத்துக் கிழவர்கள் பிள்ளைகள் முன்னால் வரிசையாக நின்று அளவு கேட்டுக்கொண்டார்கள்; போன மாதத்தைவிட ஒரு அங்குலம் குறைந்திருந்தால் கவலைப்பட்டார்கள். கார் பழுதுபார்க்கிற ஒருவர், தன்னையும் ஆட்சிக்குழுவில் சேர்த்தால் பிள்ளைகளுக்கு உருப்படியாக ஏதாவது வரும் என்று மனுக் கொடுத்தார். ராய்ஸ் புதிய விளம்பரத் தாள் அச்சடித்தார்: 'நாளைய உலகத்துக்கான திறன்கள், இன்றே.' மிஸ் ஆல்டன் நாள் முழுக்கத் தொண்டை வறள எழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மேலேயிருந்து வந்தது முதலில் ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல் எழுத்துக்கு இடமில்லை.

கிளென்னாவின் மகள் ஜூனி அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி. ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பில் இரண்டாவது வருடம். ஏப்ரலில் மாநில வாசிப்புத் தேர்வு. அதில் தேறாத பிள்ளை நான்காம் வகுப்புக்குப் போக முடியாது என்பது சட்டம். ஜூனி போன வருடம் தேறவில்லை. ஆனால் கிளென்னா பயந்தது தேர்வுக்கு அல்ல, அலமாரி மேலிருந்த ஒரு காலணிப் பெட்டிக்கு. ஜூனியின் அப்பா டேல் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். நெப்ராஸ்காவுக்கு ஒரு லோடு என்று ஒரு ஜனவரியில் கிளம்பினான். அங்கிருந்து இன்னொரு லோடு கிடைத்தது, அதிலிருந்து இன்னொன்று. லோடுகள் ஒன்றும் ஒஹாயோ பக்கம் வரவில்லை. மாதம் தவறாமல் ஒரு பட அஞ்சலட்டை மட்டும் வந்தது, ஜூனியின் பெயருக்கு. முதல் அட்டை வந்தபோது அவளுக்கு ஆறு வயது. கிளென்னா வாசிக்கப் போனாள், ஜூனி பிடுங்கிக்கொண்டாள். "எனக்குத்தானே வந்திருக்கு. நீ படிக்காத. நான் படிக்கக் கத்துக்கிட்டு நானே படிச்சுக்கிறேன்." அந்த அக்டோபரில் பெட்டியில் முப்பத்து மூன்று அட்டைகள் இருந்தன. தபாலை எடுத்து வருகிறவள் கிளென்னா என்பதால், அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.

"இந்தப் புஸ்தகத்த எடு, ஜூனி. முதல் வரி மட்டும்" என்பாள் கிளென்னா, சாப்பாட்டு மேஜையில்.

ஜூனி புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "முதுகு கிழிஞ்சிருக்கு. தண்ணி பட்டிருக்கு. இதுக்கு இழப்பீடு கேட்டா தர மாட்டாங்கம்மா."

"எழுத்தப் பாருடி."

"பாத்தாச்சு. எழுத்துக்கு ஒண்ணும் சேதமில்ல."

ஆகவே ஜனவரிக்காகக் காத்திருந்தது ஊரிலேயே கிளென்னா ஒருத்திதான். படிவத்தோடு ஒரு கட்டப் பட்டியல் வந்திருந்தது. இடதுபக்கம் ஐந்து உறுப்பினர்களின் பெயர், மேலே வரிசையாகச் சட்டம், காப்பீடு, நிலம் வீடு, நிர்வாகம், கல்வி என்று துறைகள், கடைசியில் 'மற்றவை'. ஒவ்வொரு துறைக்கும் குறைந்தது ஒரு டிக் வேண்டும். கல்வி என்ற கட்டத்தில் வெர்லின் ஓக்ஸ் பெயருக்கு நேராக டிக் இருந்தது. ஆட்சிக்குழுவிலேயே அதிகம் பேசாதவர், டோனட்டைப் பாதியாக்கி ஒரு பாதியைத் திருப்பி வைக்கிறவர். அவர் விவரம் ஒரே வரி: 'பொதுக்கல்வித் துறையில் முப்பத்தொரு வருட சேவை.' ஜனவரியில் அவர் முறை. கிளென்னா அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வெர்லினுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாள். வெர்லின் வேறு சபைக்காரர், இருந்தாலும்.

வெர்லின் அந்த ஒரு வரியை எழுந்து நின்று வாசித்து உட்கார்ந்தார். மறுநாள் காலை மூன்றாம் வகுப்பில் யாரும் இல்லை. பிள்ளைகள் தரைக்குக் கீழே அடித்தள அறையில் இருந்தார்கள். மூன்று குளிர்காலமாகக் கரகரத்துக்கொண்டிருந்த, கட்டடத்தைச் சூடாக்குகிற கொதிகலனைப் பிரித்துத் தரையில் பரப்பி, வால்வைத் துடைத்து, அடைப்பை எடுத்து, பத்தரை மணிக்குள் திரும்பப் பூட்டினார்கள். முகமெல்லாம் கரியோடு ஜூனி அலுவலகத்துக்கு ஓடி வந்து, "அம்மா, அது இனிமே சத்தம் போடாது!" என்றாள். கிளென்னா ஒரு புத்தகத்தைத் திறந்து நீட்டினாள். ஜூனி அதில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

செய்தி கேட்டு வெர்லின் மதியம் வந்தார். கொதிகலனைச் சுற்றி நடந்து, ஒரு திருகைத் தட்டிப் பார்த்து, "நல்லா பண்ணியிருக்காங்க. என்னைவிட நல்லா" என்றார்.

"வெர்லின், நீங்க வாத்தியார்தானே?" என்று கேட்டாள் கிளென்னா, படியில் நின்றபடி.

"யாரு சொன்னா?"

"பேப்பர் சொல்லுது. முப்பத்தொரு வருஷம்னு."

"இருந்தேனே. ஏழு பள்ளிக்கூடத்துல. எல்லாம் அடித்தளம்தான், கொதிகலன் வேலை." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ராய்ஸ் ஒரு நாள், எங்க வேலை பாத்தீங்கன்னு கேட்டாரு. பள்ளிக்கூடத்துலன்னேன். என்ன வேலைன்னு அவரு கேக்கல. அடுத்த வாரம் பாத்தா, என்னைச் சேத்துக் கைதட்டிக்கிட்டிருக்காங்க. கைதட்டும்போது குறுக்க பேசுறது மரியாதையா இருக்குமா சொல்லு."

பிப்ரவரிக் கூட்டம் வந்தது. கூட்டங்களில் குறிப்பெடுக்கிற கிளென்னாவுக்குப் பேச உரிமை இல்லை. ஆனால் பொதுமக்களில் யாரும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று நிமிடம் பேசலாம். முட்டை வேகவைக்கிற மணிக்கடிகாரத்தை மேஜையில் வைத்து நேரம் பார்ப்பார்கள். கிளென்னா சீட்டு எழுதி, அதைத் தானே வாங்கிக்கொண்டு, தன் பெயரைத் தானே கூப்பிட்டாள். ராய்ஸ் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மிஸஸ் வ்ராபெல், நீங்க குறிப்பெழுதுறவங்க. நீங்களே பேசினா அதை யாரு எழுதுறது?"

"பேசி முடிச்சிட்டு வந்து எழுதிக்கிறேன்" என்று சொல்லி, மேஜையைச் சுற்றி நடந்து, பொதுமக்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒரே கேள்வி. இங்க இருக்கிற அஞ்சு பேர்ல யாராவது ஒருத்தர், ஒரு பிள்ளைக்காவது, ஒரு எழுத்து சொல்லிக்குடுத்திருக்கீங்களா?"

நான்கு பேர் வெர்லினைப் பார்த்தார்கள். வெர்லின் தன் பாதி டோனட்டைப் பார்த்தார். கிளென்னா கொதிகலன் கதையைச் சொன்னாள். அதற்குப் பிறகு நடந்தது குறிப்பேட்டில் 'விவாதம் நடைபெற்றது' என்று பதிவாகியிருக்கிறது. "டார்லா, உங்கம்மா டீச்சர்னு நெனச்சேனே" என்றார் பிரெஸ்டன். "எங்கம்மா பல் டாக்டர்கிட்ட வேலை பாத்தாங்க. உங்க பொண்டாட்டிதான் டீச்சர்னு நான் நெனச்சேன்." "அவ யோகா சொல்லித்தர்றா, அதுவும் நாய்களோட." ஸ்கிப், தான் ஒரு பள்ளிக் கட்டடத்தை விற்றிருப்பதாகவும் அது கணக்கில் வருமா என்றும் கேட்டார். அப்போது மணிக்கடிகாரம் அடித்தது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். வெர்லின் ஒரு காகிதக் கைக்குட்டையில் ராஜினாமா எழுதி, நான்காக மடித்து, டோனட் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனார்.

ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் குளிருக்குப் பயந்து ஃபுளோரிடாவில் இருந்தார். இன்னொருவர், கூட்டம் என்று ஒன்று நடக்கிற கட்டடத்தில் உயிருள்ளவரை இனிக் கால் வைப்பதில்லை என்று கர்த்தர்மேல் ஆணையிட்டிருந்தார். மூன்றாமவர் ஏற்கனவே ராய்ஸின் நிலையத்தில், பூக்களுக்கு நடுவே, ராய்ஸின் கவனிப்பில் இருந்தார். ஆகவே ராய்ஸ் தலைநகரிலிருந்து டாக்டர் லைல் பிரென்டிஸ் என்ற கல்வி உருமாற்ற ஆலோசகரை வரவழைத்து, சிறப்புக் கூட்டம் கூட்டி, வெர்லினின் இடத்தில் உட்காரவைத்தார். அவருடைய தொழில் விவரத்தை வாசிக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. டார்லா நடுவில் ஒருமுறை எழுந்து போய்க் காரை நகர்த்தி நிறுத்திவிட்டு வந்தாள். அந்த ஐம்பது நிமிடத்திலும் அவர் ஒரு வகுப்பறையில் பிள்ளைகளோடு இருந்ததாக ஒரு வரி இல்லை என்பதைக் கிளென்னா கவனித்தாள். குறிப்பெழுதுகிறவர்களுக்கு மட்டும் இப்படிப்பட்டவை தென்படும். மறுநாள் முதல் மூன்றாம் வகுப்பு நான்கு குழுக்களாகப் பிரிந்து வட்டமாக உட்கார்ந்தது. சுவரெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள். ஒன்றிலும் எழுத்து இல்லை, அம்புக்குறிகள் மட்டும். மூன்று மணிக்கு ஒருவரை ஒருவர் மனதாரப் பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

"இன்னிக்கு என்னடி படிச்சீங்க?"

"படிக்கிறதப் பத்தி எப்ப முடிவெடுக்கலாம்னு பேசினோம். நல்லா போச்சு."

டாக்டர் லைல் மூன்றாவது வாரத்தில் அரிசோனாவில் இன்னும் பெரிய உருமாற்றம் ஒன்று கிடைத்துக் கிளம்பிவிட்டார். குழுவில் ஐந்து பேர் இல்லாமல் படிவம் செல்லாது. மார்ச் முப்பத்தொன்று நெருங்கியது. தேர்வு ஏப்ரல் மூன்றாம் வாரம். அந்த நாட்களில் ஒரு காலை மிஸ் ஆல்டன் ஒரு காகிதத்தோடு வந்தார். ஏதோ பெற்றோர் எழுதி அனுப்பியது. "நானும் பாத்தேன், நாலாம் வகுப்பு டீச்சரும் பாத்தாங்க. இது எழுத்தா, கோழி நடந்த தடமான்னு தெரியல." கிளென்னா போனைக் காதில் இடுக்கியபடியே ஒரு கண் பார்த்தாள். "பையனுக்கு இருமல், வெளிய விட வேணாம்னு எழுதியிருக்கு. மருந்து பையோட சின்ன ஜிப்புல. கீழ, மன்னிக்கணும், கார்ல உக்காந்து எழுதினேன்னு."

"எப்படிங்க?"

"ஒன்பது வருஷமா வேற என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்?" என்றாள் கிளென்னா. சொல்லிவிட்டு, போனில் இருந்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த அலுவலகத்தில் அவள் அப்படி உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

மார்ச் மாதக் கூட்டத்தில் பொதுமக்கள் நாற்காலியில் மறுபடியும் அவள்தான் இருந்தாள். காலியான இடத்துக்குத் தன்னை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பிரெஸ்டன் சந்தோஷமாகத் தலையாட்டினார். முடியாது என்று சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர் அப்படித்தான் தலையாட்டுவார். "பள்ளியில சம்பளம் வாங்குறவங்க குழுவுல உக்கார முடியாது. விதி."

கிளென்னா நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் நாலு வார்த்தையில் ராஜினாமா எழுதி ராய்ஸிடம் நீட்டினாள். அப்போது மணி ஏழு இருபது. ராய்ஸ் அதைப் படித்தார். நெருங்கினவர்களை இழந்தவர்களிடம் பேசும் அந்தத் தாழ்ந்த குரல் தானாகவே அவருக்கு வந்தது. "மிஸஸ் வ்ராபெல், இதை வீட்டுக்குப் போய் யோசிச்சு..."

"கிளென்னா, வேலையோட உனக்கும் பிள்ளைக்கும் மருத்துவக் காப்பீடும் போயிடும், தெரியுமில்ல?" என்றாள் டார்லா. "வெளியில எடுத்தா இப்ப என்ன விலைன்னு..."

"விக்காத, டார்லா."

ஏழு இருபத்தைந்துக்கு அவள் ஆட்சிக்குழு உறுப்பினர் ஆனாள். படிவத்துக்கு ஐந்து பேர் தேவை என்பதால் யாரும் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. தொழில் விவரம் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும் என்றார் ராய்ஸ். கிளென்னாவிடம் காகிதம் இல்லை. மைக்கை இழுத்துக்கொண்டாள். ஒன்பது வருஷமா இந்தப் பள்ளிக்கூட ஆபீஸ்ல இருந்தேன், வர்றதையெல்லாம் படிப்பேன், என்று ஆரம்பித்தாள். காய்ச்சல் சீட்டு, தாமதச் சீட்டு, மருந்துப் புட்டி மேல இருக்கிற பொடி எழுத்து, பஸ் பட்டியல், கோர்ட்டுலேர்ந்து வர்ற காகிதம், கையுறைக்குள்ள மார்க்கரால எழுதி அழிஞ்சுபோன பேரு, அப்பா கையெழுத்த பிள்ளையே போட்டது, இங்கிலீஷ் சரியா வராத அம்மா ராத்திரியெல்லாம் உக்காந்து எழுதினது. எல்லாத்தையும் படிச்சு யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்குச் சொல்லுவேன். அவ்வளவுதான். நாற்பது விநாடி ஆயிற்று. யாரும் கை தட்டவில்லை. முடிந்துவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. பிரெஸ்டன் கட்டப் பட்டியலை இடமிருந்து வலமாக விரலால் தேடினார், பிறகு வலமிருந்து இடமாக. 'எழுத்தர்' என்று கட்டம் இல்லை. 'மற்றவை' என்பதில் டிக் அடித்தார். கல்வி என்ற கட்டம் வெறுமையாக இருந்தால் அழகாக இருக்காது என்று வெர்லினின் பழைய டிக்கை அப்படியே விட்டுவைத்தார்கள். அனுமதி அமைப்பில் யாரும் அதைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை எழுத்தர் இல்லாத அலுவலகத்தின் முன்னால் மூன்றாம் வகுப்பு வரிசையில் நின்றது. தொலைந்த பொருள் பெட்டியிலிருந்த நாற்பது கையுறைகளும் அரை மணி நேரத்தில் உரியவர்களிடம் போயின. மேஜைமேல் குவிந்திருந்த சீட்டுகளை ஆளுக்கு ஐந்தாக எடுத்து வாசித்தார்கள். யாருக்கு மூக்கில் ரத்தம் வரும், யார் வீட்டில் இன்று யார் அழைத்துப்போக வருவார்கள், யாருடைய அப்பாவுக்குப் பிள்ளையைத் தரக்கூடாது என்று நீதிபதி எழுதியிருக்கிறார், எல்லாம். முதலில் கையெழுத்து மட்டும்தான் வந்தது, அதுவும் மோசமான கையெழுத்து. மருந்துக்கடைக்காரர் நான்கு நாள் மாலை பிள்ளைகளில் ஒருவரை அழைத்துப்போய், டாக்டர்களின் சீட்டுகளில் வருடக்கணக்காகத் தான் குத்துமதிப்பாகக் கொடுத்துவந்தவை என்னென்ன என்று தெரிந்துகொண்டு, ஒரு வாரம் கடையை மூடினார். அச்செழுத்து வர மேலும் எட்டு நாள் ஆயிற்று. அது மனிதர் யாரும் எழுதாத கையெழுத்து என்று பிள்ளைகள் தங்களுக்குள் முடிவுசெய்து, பொறுத்துக்கொண்டார்கள்.

இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் தேறினார்கள். பள்ளிக்கு ஐந்து வருடத்துக்கு அனுமதி நீட்டிக்கப்பட்டது. ஆட்சிக்குழுவின் தொலைநோக்கே இதற்குக் காரணம் என்று ராய்ஸ் அடித்த விளம்பரத் தாள் இப்போதும் வங்கியின் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. கிளென்னாவுக்கு வேலை தேவைப்பட்டது. ஆட்சிக்குழு வாங்குகிற அதே டோனட் கடையில் காலை ஐந்தரை முதல் மதியம் வரை கல்லாவில் நின்றாள். முதல் செவ்வாய்க்கிழமைகளில் ஏழு மணிக்கு ஒரு டஜனைக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, கூட்டத்தில் உட்கார்ந்து, ஓடுவாள். ஜூலையில் விதிப்படி அவள் தன் தொழில் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. செப்டம்பரில் பள்ளி திறந்தபோது எல்லா வகுப்புப் பிள்ளைகளும் அட்டைப்பெட்டிக்கு ஒற்றைக் கையால் கயிறு கட்டினார்கள். வரிசையில் எத்தனையாவது ஆள் கடைசி மேப்பிள் டோனட்டைக் கேட்பார் என்று முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். ஆனால் ஒருமுறை வந்த வாசிப்பு போகவில்லை. சவப்பெட்டி அளவும் போகவில்லை. அந்த ஊரில் வளர்ந்தவர்கள் இன்றும் புதிதாக அறிமுகமாகிறவர்களைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்ப்பார்கள். அதில் தப்பெடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இதெல்லாம் பின்னால். வாசிக்க வந்த நாளிலிருந்து ஜூனி எல்லாவற்றையும் வாசித்தாள், தானியப் பெட்டியை, பற்பசைக் குழாயை, டேலின் பழைய வேலைச் சட்டையில் தைத்திருந்த பெயரை. காலணிப் பெட்டியை மட்டும் தொடவில்லை. "ரிசல்ட் வரட்டும்" என்றாள். "எனக்கு நிஜமாவே படிக்கத் தெரியும்னு வேற யாராவது சொல்லட்டும்." ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, கிளென்னா கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மாநிலத்திலிருந்து உறை வந்தது. ஜூனி அதைத் தானே பிரித்து, சத்தமாக, ஒரு எழுத்து விடாமல், முகவரி முதற்கொண்டு வாசித்தாள். தேறியிருந்தாள். உடனே நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை எடுத்து, நாற்பத்தொரு அட்டைகளையும் தேதி பார்த்து மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். கிளென்னா அடுப்புப் பக்கம் திரும்பி, சுத்தமாக இருந்த ஒரு கரண்டியைக் கழுவத் தொடங்கினாள். அதை வெகுநேரம் கழுவினாள்.

பின்னால் அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகிற சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, கடைசியில் மறுபடி மெதுவாக. சத்தம் நின்றது.

"அம்மா."

"ம்."

"நீ படிச்சிருக்கே, இல்ல?"

"படிச்சேன்."

"எல்லாத்துலயும் ஒண்ணேதான்."

"ஆமாடி."

ஜூனி அட்டைகளைச் சேர்த்து, ஓரம் தட்டி அடுக்கி, பெட்டியில் வைத்து மூடினாள். நாற்பத்தொரு அட்டையிலும், நாற்பத்தொரு ஊரிலிருந்தும், டேல் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இங்கே மழை. பேன்கேக் சாப்பிட்டேன். அப்பா.

"எழுபத்தாறு அங்குலம்" என்றாள் ஜூனி. "அப்பாவுக்கு. எனக்கு ஞாபகம் இருக்கு."

அன்று ஹார்லன் ஃபால்ஸிலும் மழைதான். பேன்கேக் மாவு தீர்ந்துபோயிருந்தது.